நம்ம வீட்டுக் கிரைண்டர்

இந்தத் தூக்குப்போசியைச் சித்த உங்க காலுக்கிட்ட வெச்சுக்கறேனுங்கக்கா, தப்பா நினைச்சுக்காதீங்க. மாவுதானுங்க, இட்லி மாவு. இந்த வெய்யிலுக்குப் பொங்கிட்டு வருது, மூடியை அமுத்திப் புடிச்சுட்டே உக்காரணும். வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னேன், கேட்டாத்தானே. "நம்ம மெஷின்ல ஆட்டுனதுங்க மேடம், ஐயாவுக்கு இட்லி ஊத்திக் குடுங்க"ன்னு கையில திணிச்சுட்டா.

யாருங்களா? பூங்கொடின்னு ஒரு புள்ள. சொந்தமெல்லாம் இல்லீங்க. இப்ப நான் ஏறுன கைகாட்டி ஸ்டாப்புல இருந்து உள்ள நடந்தா அவ ஊடு. இன்னிக்குத்தான் மொத மொத நேர்ல பார்க்கறேன். அவகிட்ட ஒரு விஷயம் சொல்லிப்போடணும்னு காலைல சிங்காநல்லூர்ல பஸ் ஏறுனேனுங்க. வழி பூரா மனசுக்குள்ளயே சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டு வந்தேன். போனேன், காப்பி குடிச்சேன், இட்லி தின்னேன், அவ ஊட்டுக்காரன்கிட்ட ஊர் நாயம் பேசுனேன், அவ பொண்ணு பள்ளிக்கூடத்துல ஜெயிச்ச கப்பைக் கையில வாங்கிப் பார்த்து நல்லாருக்குன்னேன். எல்லாம் பண்ணுனேன். போன சோலியை மட்டும் பார்க்காம வந்துட்டேன்.

நீங்க எங்க எறங்கறீங்க? சூலூருங்களா? அப்ப நேரமிருக்கு. என்ற ஊட்டுக்காரரு சொல்லுவாரு, "உனக்கு பஸ்ஸுல சீட்டு கிடைக்காட்டியும் பரவால்ல, பக்கத்துல ஒரு காது கிடைச்சாப் போதும்"னு. சொல்லட்டும். அவருகிட்டச் சொல்ல முடியாததை நான் வேற யாருகிட்டச் சொல்றது, நீங்களே சொல்லுங்க.

நான் வெப்சைட்டு நடத்தறேனுங்க. சிரிக்காதீங்க, நெசமாத்தான். 'அடுப்படி முதலாளி'ன்னு பேரு. ஊட்ல இருந்துட்டே மாவு யாவாரம், முறுக்கு யாவாரம், மசாலாப் பொடி யாவாரம் பண்ற பொம்பளைங்களுக்கு எந்த மெஷின் வாங்கலாம், எப்படித் தொடங்கலாம்னு தமிழ்ல எழுதறது. அதுக்கு முன்னாடி காந்திபுரத்துல ஒரு டி.டி.பி. சென்டர்ல கல்யாணப் பத்திரிகை அடிச்சுட்டு இருந்தேன். பதினோரு வருஷம். எத்தனை பேரு கல்யாணத்தை அடிச்சிருப்பேன், ஒருத்தராச்சும் பந்திக்குக் கூப்பிட்டது இல்லை. வெப்சைட்டு அப்படி இல்லீங்க. எழுதுனா பதில் வரும். "மேடம், நீங்க எழுதுனதைப் பார்த்துத்தான் முறுக்கு மெஷின் வாங்குனேன், நல்லா ஓடுது"ன்னு தேனில இருந்து முகம் தெரியாத ஒருத்தி எழுதுவா. அன்னிக்குப் பூரா எனக்குக் கால் தரையில பாவாது.

இதுல என்ன வருமானம்னுதானே பார்க்கறீங்க? எல்லாரும் அதையத்தான் மொதல்ல கேப்பாங்க. ஒரு மெஷினைப் பத்தி எழுதிட்டு, அடியில ஒரு லிங்க் போடுவேனுங்க. நீங்க அதை அமுத்திப் போய் வாங்குனீங்கன்னா கம்பெனிக்காரன் எனக்குக் கமிஷன் தருவான். உங்களுக்கு வெலை ஏறாது. சத்தியமா ஏறாதுங்க. அஃபிலியேட்டுன்னு இதுக்குப் பேரு. என்ற மாமியாருக்கு ஒரு நாள் இதை உக்கார வெச்சு வெளக்கிச் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "ஓ, தரகா"ன்னாங்க. மாட்டுத் தரகு பண்ணுன குடும்பம், வேற எப்படிச் சொல்லுவாங்க. எனக்கு வந்த கோவத்துக்கு ரண்டு நாள் பேசல.

தரகுன்னா சும்மா ஆள் புடிச்சு உடறது. நான் அப்படி இல்லீங்க. ஆரம்பத்துல எல்லாம் நான் நெம்ப சுத்தம். ஒரு மெஷினை வாங்கி, இல்லாட்டி யாருகிட்டயாச்சும் எரவல் வாங்கி, ஒரு மாசம் ஊட்ல ஓட்டிப் பார்த்துட்டுத்தான் எழுதுவேன். நல்லா இல்லைன்னா எழுதவே மாட்டேன். ஒரு தேங்காய் திருவற மெஷின் வாங்கி, எங்க அடுப்படிச் சுவரெல்லாம் தேங்காய்ப்பூவாப் போச்சு. அதை நான் எழுதவே இல்லை, தெரியுமுங்களா? அந்தக் கம்பெனி நல்ல கமிஷன் தர்றேன்னு சொன்னவன். அப்பிடி இருந்தவதான் நான்.

அப்பறம் என்னாச்சுன்னா, மெஷின் ஜாஸ்தியாயிருச்சு. மாசத்துக்குப் பத்து எழுதுனாத்தான் கூகுள்ல மேல வரும். பத்து மெஷினை எங்க வெக்கறது, எங்கூடு என்ன மில்லா? அதனால நானா ஒரு முறை வெச்சுக்கிட்டேன். ஓட்டிப் பார்த்த மெஷினுக்கு 'எங்க வீட்டுல இது இருக்கு'ன்னு எழுதுவேன். ஓட்டிப் பார்க்காததுக்கு 'நம்ம வீட்டுல'ன்னு எழுதுவேன்.

என்னங்க அப்படிப் பார்க்கறீங்க? ரண்டும் ஒண்ணா? நல்லா ரோசனை பண்ணிப் பாருங்கக்கா. 'எங்க வீடு'ன்னா எங்கூடு. அதுல பொய் சொல்ல முடியாது. 'நம்ம வீடு'ன்னா நீங்களும் நானும் சேர்ந்து இருக்கற வீடு. நாம ரண்டு பேரும் ஒரே வீட்லயா இருக்கோம்? இல்லை பாருங்க. அப்ப அது பொதுவாச் சொல்றது. 'நம்ம வீட்டுப் பொண்ணுங்க', 'நம்ம வீட்டுச் சமையல்'னு டிவில சொல்றாங்களே, அவங்க வீட்லயா எல்லாப் பொண்ணுங்களும் இருக்காங்க? பதினோரு வருஷம் தமிழ் அடிச்சவளுங்க நான், ஒரு வார்த்தை தெரியாம எழுத மாட்டேன். படிக்கறவங்களுக்கு அந்த வித்தியாசம் புரியும்னுதான் நினைச்சேன். நினைச்சேன்னு சொல்லக் கூடாது. புரியாதுன்னு தெரியும். புரியாட்டிப் பரவால்லைன்னு இருந்தேன்.

செரி, கிரைண்டருக்கு வர்றேன். 'மாவு வியாபாரம் தொடங்க ஏற்ற கிரைண்டர் எது'ன்னு ஒரு பக்கம் எழுதணும்னு முடிவு பண்ணுனேன். தமிழ்நாட்டுல பாதிப் பொம்பளைங்க அதையத்தான் தேடறாங்க. ரண்டு கம்பெனி என்னையச் சேர்த்துக்கறேன்னான். பேரு வேண்டாமுங்க. ஒண்ணு நம்ம கோயமுத்தூர்க் கம்பெனி, பழசு. இன்னொண்ணு பெங்களூர்க்காரன், புதுசு.

நம்மூர்க்காரன் மெஷின் கல்லு மாதிரி இருக்கும், ஊருக்கு ஊரு மெக்கானிக்கு உண்டு. தாராபுரத்துலயே ஆள் இருக்கு. ஆனா கமிஷன்னு பார்த்தா மூக்குப்பொடி அளவு. அதுவும் எப்படி? லிங்க்கை அமுத்துன அன்னிக்கே வாங்குனாத்தான். மறுநா வாங்குனா எனக்கு ஒண்ணும் இல்லை. கிரைண்டரை யாருங்க அன்னிக்கே வாங்குவா? ஊட்டுக்காரனைக் கேக்கணும், நாத்தனாளைக் கேக்கணும், நல்ல நாள் பார்க்கணும். பெங்களூர்க்காரன் அஞ்சு மடங்கு கமிஷன். குக்கி அறுபது நாளு. திங்கற குக்கி இல்லீங்க, நீங்க என்ற லிங்க் வழியா வந்தீங்கன்னு அவன் கம்ப்யூட்டர் ஞாபகம் வெச்சுக்கறது. இன்னிக்கு அமுத்திட்டு ரண்டு மாசம் கழிச்சு வாங்குனாலும் எனக்கு வரும். போதாததுக்கு ஒரு புள்ள போன் பண்ணிப் பேசும், "கனகலதா மேம், உங்க ரைட்டிங் சூப்பர் மேம்"னு. என்ற எழுத்தை இது வரைக்கும் யாரும் ரைட்டிங்னு சொன்னதில்லீங்க.

நான் மயங்கிப் போயிடல. அதையும் சொல்லிடறேன். ஒரு கம்பெனில சேர்றதுக்கு முன்னாடி நோட்டுல கட்டம் போட்டு மார்க் போடுவேன். கமிஷனுக்குப் பத்து, குக்கிக்குப் பத்து, காசைச் சொன்ன தேதிக்கு அனுப்பறானான்னு பத்து, சர்வீசுக்குப் பத்து, மெஷினுக்குப் பத்து. நம்மூர்க்காரனுக்கு சர்வீஸ்ல பத்துக்குப் பத்து, மெஷின்லயும் பத்து. பெங்களூர்க்காரனோட சர்வீஸ் எப்படின்னு எனக்குத் தெரியாது, மெஷினும் தெரியாது. தெரியாததுக்கு அஞ்சு போடறது என்ற வழக்கம். பாதி நல்லாருக்கலாம், பாதி நல்லா இல்லாம இருக்கலாம்னு. அப்படிக் கூட்டிப் பார்த்தா நாலு மார்க்குல நம்மூர்க்காரன் தோத்துட்டான். நானாத் தோக்கடிக்கல, கூட்டுனா அப்படி வருது.

என்ற ஊட்டுக்காரரு கணபதில மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்காரு. முப்பது வருஷமா செப்புக் கம்பி சுத்தறவரு. போட்டோவைக் காட்டுனேன். கண்ணாடியைத் தூக்கி நெத்தில வெச்சுட்டுப் பார்த்தாரு. "இதுக்குள்ள இருக்கறது மிக்சி மோட்டாராட்டம் இருக்குது. நாலு பேருக்கு மாவாட்டலாம். யாவாரத்துக்கு ஓட்டுனா வெந்துரும்"னாரு. போட்டோவைப் பார்த்தே சொல்றதுக்கு நீங்க என்ன ஜோசியக்காரரான்னு கேட்டேன். அவரு கண்ணாடியை எறக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. அவரு எப்பவுமே ரண்டாவது தடவை சொல்ல மாட்டாரு. அதுதான் அவருகிட்ட இருக்கற கெட்ட பழக்கம்.

எழுதிப்போட்டேன். 'நம்ம வீட்டுல இப்ப இதுதான் ஓடுது'ன்னு. எங்க ஊட்ல ஓடறது நம்மூர்க்காரன் மெஷினு, எங்க கல்யாணத்துக்கு எங்கப்பா வாங்கிக் குடுத்தது. இன்னும் ஓடுது.

அந்தப் பக்கம் நல்லாப் போச்சுங்க. கூகுள்ல போட்டா மொதல்ல அதுதான் வந்து நிக்கும். இந்தப் பூங்கொடி அதைப் பார்த்துத்தான் வாங்குனா. அவ ஊட்டுக்காரன் ரங்கசாமி விசைத்தறி ஓட்டிட்டு இருந்தவன், தோள்பட்டை போயிருச்சு, வெயிட்டுத் தூக்க முடியாது. இவ மாவாட்டி ரண்டு டீக்கடைக்குக் குடுத்துட்டு இருந்தா. அப்ப ஒரு மில்லு ஆஸ்டல்ல தெனமும் இருவது கிலோ மாவு கேட்டாங்க. இவ மகளிர் குழுவுல கடன் போட்டு, என்ற லிங்க்கை அமுத்தி, பெரிய கிரைண்டர் வாங்கிட்டா. இதெல்லாம் எனக்கு அப்பறந்தான் தெரியும். வாங்குன அன்னிக்கு 'பூங்கொடி, ஒரு கிரைண்டர்'னு என்ற போன்ல ஒரு வரி வந்துச்சு, அவ்வளவுதான்.

ஒரு மாசம் முடியறதுக்குள்ள மோட்டார் வெந்து போச்சு. ரண்டு நாள் மில்லுக்கு மாவு போகல. மூணாவது நாள் அவங்க வேற ஆளு பார்த்துக்கிட்டாங்க. பெங்களூருக்கு அனுப்பிச்சாத்தான் சர்வீசாம், போக வரச் செலவு நம்மதாம். இவ தாராபுரத்துல குடுத்து கம்பி சுத்தி வாங்கி ஓட்டறா.

இவ்வளவு ஆனப்பறம் என்னையத் திட்டி எழுதியிருக்கணுமில்லீங்க? திட்டலீங்கக்கா. அதுதான் என்னைய இன்னிக்கு பஸ் ஏத்தி உட்டுச்சு. போன மாசம் வேற ஒரு பொம்பளை அந்தப் பக்கத்துக்கு அடியில, 'இந்த கிரைண்டர் நல்லா இருக்குமா, பயமா இருக்கு'ன்னு எழுதியிருந்தா. நான் பதில் எழுதறதுக்குள்ள பூங்கொடி எழுதிட்டா. 'மேடம் வீட்டுலயே இதுதான் ஓடுது சிஸ்டர், அவங்க நமக்குப் பொய் சொல்ல மாட்டாங்க. எனக்கு ரிப்பேர் வந்தது நான் சரியா ஓட்டாததாலதான். பயப்படாம வாங்குங்க.' அதைப் பார்த்துட்டு அந்த மாசம் பதினோரு பேரு வாங்குனாங்க. எனக்கு சோறு எறங்கலீங்க. நேர்ல போய்ச் சொல்லிப்போடலாம், மாப்புக் கேட்டுப்போடலாம்னு அப்பத்தான் முடிவு பண்ணுனேன். எழுத்துல சொன்னா அவ அதையும் நம்பி எனக்கே சமாதானம் சொல்லுவா.

இன்னிக்குப் போனா, தெருமுக்குலயே நிக்கறா. ஊதாச் சீலை, தலையில பூவு, என்னையப் பார்த்ததும் கையைப் புடிச்சுக்கிட்டா. அந்தக் கை எப்படி இருந்துச்சு தெரியுமுங்களா, மாவுலயே கெடந்து ஊறி வெளுத்துப் போய். பக்கத்து ஊட்டுக்காரங்ககிட்ட எல்லாம், "இவங்கதான் வெப்சைட்டு மேடம்"னு காட்டறா. ஒரு கெழவி வந்து என்ற மொகத்தைத் தொட்டுப் பார்த்துட்டுப் போகுது. நான் என்ன சினிமாக்காரியா?

உள்ள போனேன். அடுப்படில கிரைண்டர் நிக்குது. அதுக்கு முன்னால ஒரு டேபிள் பேனு வெச்சு, மோட்டாருக்கு நேரா ஓடிட்டு இருக்குது. ஊட்ல இருக்கறதே அந்த ஒரு பேனுதான். ரங்கசாமி அந்தாண்ட துண்டுல விசிறிட்டு உக்காந்திருக்கான். அரை மணி நேரம் ஓட்டறது, நிறுத்தறது, பேனைப் போட்டு ஒரு மணி நேரம் ஆற வெக்கறது, மறுபடி ஓட்டறது. காய்ச்சல் வந்த புள்ளையைப் பார்த்துக்கற மாதிரி பார்த்துக்கறாங்க ரண்டு பேரும். ஒரு நாளு மாவுக்கு விடியக்காலத்துல இருந்து மத்தியானம் வரைக்கும் ஆவுது. அதையும் சந்தோசமாச் சொல்றா, "நீங்க சொன்ன மாதிரியே பழக்கிட்டேனுங்க மேடம்"னு.

நான் என்ன சொன்னேனா?

அதை உடுங்கக்கா. அது சும்மா ஒரு பதிலு. இல்லை, கேட்டுட்டீங்க, சொல்லிப்போடறேன். யாருகிட்டயாச்சும் சொல்லித்தானே ஆகணும், இறங்குனா நீங்க யாரோ நான் யாரோ.

வாங்குன அஞ்சாவது நாளே அவ எனக்கு எழுதியிருந்தா. 'மேடம், மெஷின் நெம்ப சூடாகுது, வாசம் வருது, திருப்பி அனுப்பிடட்டுங்களா'ன்னு. ஏழு நாளைக்குள்ள திருப்பி அனுப்புனா பணத்தைக் குடுத்துருவான். அது நல்ல ஏற்பாடுதான், நானே என்ற நோட்டுல அதுக்கு மார்க் போட்டிருக்கேன். ஆனா மெஷின் திரும்பிப் போச்சுன்னா என்ற கமிஷனும் திரும்பிப் போயிரும். அந்த மாசம் இன்னும் ஒண்ணு வித்தா எனக்கு அடுத்த படி, அடுத்த படிக்குப் போனா எல்லாத்துக்கும் கமிஷன் ஏறும். அது ஒண்ணும் பெரிய காசில்லீங்க. பெரிய காசுக்காகப் பண்ணியிருந்தாலாச்சும் ஒரு நாயம் இருக்கும்.

'புது மெஷின் அப்படித்தான் கண்ணு இருக்கும். பத்து நாள் பழகட்டும்'னு எழுதுனேன்.

பத்து நாளுன்னு எழுதுன பாருங்க என்ற கை. ரண்டு நாள்னு எழுதல. எட்டு நாள்னு கூட எழுதல, ஏழுக்குப் பக்கத்துல வந்தா சந்தேகம் வந்துரும்னு. நான் யோசிச்சுட்டு எழுதலீங்க, விரலு தானா அடிச்சுது. அதுக்கப்பறம் ஊட்டுக்காரரு வந்து சாப்பாடு போடுன்னாரு, போட்டேன். ரசம் நல்லாருக்குன்னாரு.

ஜன்னல் பக்கம் திரும்பிட்டீங்க. திட்டறதுன்னாத் திட்டிப்போடுங்க.

இல்லீங்க, அந்தக் கிரைண்டர் பக்கத்தை இன்னும் எடுக்கல. எடுக்கணும். எடுத்தா என்னாகும்னு நினைக்கறீங்க? அந்த எடத்துக்கு வேற எவனாச்சும் வந்து உக்காந்துக்குவான், அவன் என்னையக் காட்டிலும் மோசமா எழுதுவான். நானாச்சும் மனசு கேக்காம பஸ் ஏறி வந்திருக்கேன், அவன் வருவானா? ஆடித் தள்ளுபடி முடியட்டும், மாத்தி எழுதிப்போடறேன். நம்மூர்க்காரன் லிங்க்கும் ஒண்ணு கீழ போட்டுருவேன். கீழதான் போட முடியும், மேல போட்டா பெங்களூர்க்காரன் ஒத்துக்க மாட்டான்.

அப்பறம் என்ன நடந்துச்சுன்னா, சாப்பிட்டு முடிச்சோம். ரங்கசாமி போய்ப் படுத்துட்டான். இப்பச் சொல்லிப்போடலாம்னு தொண்டையைச் செருமுனேன். அதுக்குள்ள அவளே கேட்டா. "மேடம், இப்படி லிங்க் போடறவங்களுக்குக் கம்பெனில இருந்து ஏதோ கமிஷன் வருமாமே, உங்களுக்கும் வருமுங்களா?"

வரும் கண்ணு, கொஞ்சமா வரும்னேன். எனக்கு வேர்த்து ஊத்துது, பேனு வேற மோட்டாரைப் பார்த்துட்டு ஓடுது. அவ என்ன சொன்னா தெரியுமுங்களா? "வரட்டுமுங்க மேடம், நீங்க எங்களுக்காக எவ்வளவு பாடுபடறீங்க, உங்களுக்கு வரலைன்னாத்தான் எனக்கு வெசனமா இருக்கும்"னா. கண்ணு கலங்கிச் சொல்றாக்கா.

அவங்க குழுவுல அறுபது பொம்பளைங்க இருக்காங்களாம், எல்லாரும் வாட்சப்புல. "மில்லு ஆர்டரும் போயிருச்சுங்க. நானும் உங்களாட்டம் நல்ல சாமானமாப் பார்த்து லிங்க் போட்டா ஒரு கை உதவியா இருக்கும். எந்தக் கம்பெனில சேரணும், எப்படிப் பார்த்துச் சேரணும்னு சொல்லிக் குடுங்க மேடம்"னா. பொண்ணோட பள்ளிக்கூட நோட்டை எடுத்துட்டு வந்து, எழுதாத பக்கமாத் திருப்பி, கீழ சம்மணம் போட்டு உக்காந்துட்டா. ஒண்ணுன்னு நெம்பர் போட்டு வட்டம் சுழிச்சுட்டு என்ற மொகத்தைப் பார்க்கறா.

எனக்கு உசுரு வந்துச்சுங்க. சொல்ல வந்ததைச் சொல்ல வேண்டாம், அதுக்குப் பதிலா ஒரு நல்லது பண்ணிப்போட்டுப் போயிடலாம்னு தோணுச்சு. ஒரு பொழப்புக்கு வழி காட்டி உட்டா, வெந்த மோட்டாருக்கு அது சரியாப் போகுமில்லீங்க? அப்படி நினைச்சுட்டு அருமையாச் சொல்லிக் குடுத்தேன். நெசமா அருமையா. கமிஷன் எவ்வளவுன்னு மட்டும் பார்க்காதே, எப்பத் தர்றான்னு பாரு. குக்கி எத்தனை நாளுன்னு கேளு, நம்ம பொம்பளைங்க ஒடனே வாங்க மாட்டாங்க. காசு எவ்வளவு சேர்ந்தா அனுப்புவான்னு பாரு, சில பேரு வருசக்கணக்கா உள்ளயே வெச்சுக்குவாங்க. திருப்பி அனுப்புனா நம்ம கமிஷனை வெட்டுவானான்னு பாரு. கம்பெனியில பேசறதுக்கு ஆளு இருக்கான்னு பாரு. அவ ஒவ்வொண்ணுக்கும் நெம்பர் போட்டு, தப்பில்லாம, முத்து முத்தா எழுதறா. ஏழு வரைக்கும் போச்சு. அவ்வளவுதான் கண்ணு, இதைப் பார்த்துட்டா யாரும் உன்னைய ஏமாத்த முடியாதுன்னு முடிச்சேன்.

அவ எட்டுன்னு போட்டு வட்டம் சுழிச்சுட்டு நிமுந்து பார்த்தா. "மெஷின் நல்லதான்னு பார்க்கறது எத்தனாவதுங்க மேடம்?"

குத்திக் காட்டிக் கேக்கலீங்கக்கா. அப்படிக் கேட்டிருந்தாத் தேவலை. டீச்சர் ஒரு நெம்பரை உட்டுட்டா படிக்கற புள்ளைங்க கேக்குமே, அப்படிக் கேட்டா.

"அது... அது மொதல்ல கண்ணு. எல்லாத்துக்கும் மொதல்ல"ன்னேன்.

"அப்படிங்களா"ன்னு பேனாவை அந்தப் பக்கத்தோட உச்சிக்குக் கொண்டு போனா. ஒண்ணுக்கு மேல எடமில்லை. பேனாவை வெச்சுட்டுச் சித்த ரோசனை பண்ணுனா. "சைபர்னு போட்டுக்கறேனுங்க மேடம்"னுட்டு, ஓரத்துல இடுக்கி சைபர் போட்டு, 'மெஷின் நல்லதா'ன்னு எழுதிட்டா. எழுதி முடிச்சுட்டு அதுல வெரலை வெச்சுக் கேட்டா. "இதைய எப்படிங்க பார்க்கறது? இந்தக் கிரைண்டருக்கு நீங்க எப்படிப் பார்த்தீங்கன்னு சொல்லுங்க மேடம், அப்படியே எழுதிக்கறேன்."

அங்க சொல்லியிருக்கணுமுங்க. அதுக்குத்தானே போனேன். அவளே கொண்டாந்து கையில குடுத்துட்டா, நான் வாயைத் தொறந்தாப் போதும். ஓட்டிப் பார்க்கல கண்ணு, அஞ்சு மார்க் போட்டேன்னு ஒரே வரி. நான் வாயைத் தொறந்தேன். "ஐயோ கண்ணு, பஸ்ஸு வர்ற நேரமாச்சு"ன்னு வந்துச்சு.

பஸ்ஸுக்கு ஒண்ணேகால் மணி நேரம் இருந்துச்சு. எனக்கே தெரியும். அவளுக்கு என்னையக் காட்டிலும் நல்லாத் தெரியும், தெனமும் டீக்கடைக்கு மாவை அந்த ஸ்டாப்புலதானுங்க ஏத்தி உடறா, எந்த பஸ்ஸு எப்ப வரும்னு டிரைவர் பேரோட சொல்லுவா. ஆனாலும் பேனாவை மூடுனா. நோட்டை மூடுனா. கொடையை எடுத்துட்டு எங்கூடவே வந்தா.

அந்தக் கைகாட்டியில நெழலே இல்லீங்க, பார்த்தீங்கல்ல. ஒண்ணேகால் மணி நேரம் எனக்குக் கொடை புடிச்சுட்டு நின்னா, அவ தோளு வெய்யில்ல. பொண்ணு படிப்பைப் பத்திப் பேசுனா, இந்த வருசம் மழை இல்லைன்னு பேசுனா, ரங்கசாமிக்குத் தோளுல ஊசி போடணும்னு பேசுனா. அந்தக் கேள்வியை மட்டும் திருப்பிக் கேக்கவே இல்லை.

மறந்துட்டா போலங்க. நெறையப் பேசுனோமில்ல, அதுல மறந்திருப்பா. மறந்துதானுங்க இருக்கும்? ஏனுங்கக்கா, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறீங்க?